பரணில் 20 வருடம் தூங்கிய லேப்டாப்! சுவிட்சைப் போட்டால் "161" என்கிறது!

சென்னை அண்ணா சாலையில் இருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ சாமான் வாங்க ஜனங்கள் வந்த தெரு. இன்றைக்குக் கம்ப்யூட்டர், செல்போன், கேமரா என்று எது படுத்தாலும் இங்கேதான் ஓடி வருகிறார்கள். பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் இதே வியாபாரம்தான்.

புதுசு வாங்க வருகிற கூட்டம் ஒரு பக்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே துணிப்பையில் கனமான கறுப்புப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் தயங்கித் தயங்கி நடந்தால், அவர் பழைய லேப்டாப் ஆசாமி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்!

பழைய இரும்புக்குப் போட்டால் டீக்காசுகூடத் தேறாத பெட்டி. ஆனால் அதற்குள்ளே இருப்பது என்ன? கல்யாணப் போட்டோ, கடைக் கணக்கு, செத்துப்போன அப்பா டைப் அடித்து வைத்த கடிதம்... பெட்டி போனால் போகட்டும், உள்ளே இருக்கிறது போகலாமா?

ஒரு குமாஸ்தாவின் கதை

பெரம்பூரில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர். தங்கச்சி கல்யாணத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதில் தகராறு. பேச்சு வார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

அப்பா எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். நோட்டுப் புத்தகத்தில் அல்ல, லேப்டாப்பில்! ரிட்டயர் ஆன பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐ.பி.எம். திங்க்பேட் 600. இந்த மாடல் 1998-ல் வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய மனுஷர்கள் வைத்திருந்த சாமான். அப்பா போனதும் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

20 வருடம் கழித்து இறக்கினார்கள். தூசியைத் தட்டி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டார்கள். இதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு!

எடுத்ததும் கரண்ட் கொடுக்கலாமா?

கூடாது. முதலில் அடியில் இருக்கும் பெரிய பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த லித்தியம் பேட்டரி உள்ளுக்குள்ளே கெட்டுப் போயிருக்கும். அதற்குப் போய் சார்ஜ் ஏற்றினால் சூடேறிப் புகையலாம், தீயும் பிடிக்கலாம். வயிறு உப்பியிருந்தால் தொடவே யோசிக்க வேண்டும். குத்தவும் கூடாது, நசுக்கவும் கூடாது.

பழசு மட்டும்தான் பற்றிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 2006-ல் அமெரிக்காவின் டெல் கம்பெனி தீப்பிடிக்கும் அபாயம் என்று சொல்லி 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. எதுவும் ரொம்பப் பழசு இல்லை! புதுசுக்கே அந்தக் கதி என்றால், 20 வருஷத்துப் பழசை நம்பலாமா?

அடுத்தது அடாப்டர். திங்க்பேட் 600-க்கு 16 வோல்ட் வேண்டும். இப்போது கிடைக்கும் லேப்டாப் சார்ஜர்கள் 19 வோல்ட், 20 வோல்ட். முனை பொருந்துகிறதே என்று எதையாவது சொருகினால் உள்ளே போர்டு போய்விடும். பிளஸ் உள்ளேயா வெளியேயா என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு, மல்ட்டிமீட்டரில் அளந்து பார்த்துத்தான் சொருக வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மீட்டரில் 16 வோல்ட் சரியாகக் காட்டும். ஆனால் லேப்டாப்பில் சொருகியதும் விளக்கு ஒரு தரம் மினுக்கிவிட்டு அணைந்துவிடும். அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்து போயிருக்கும். சும்மா இருக்கும்போது வோல்ட் காட்டும், சுமை ஏற்றினால் படுத்துவிடும். குற்றவாளி வெளியே இருக்க, லேப்டாப்பைப் பிரித்து மேய்ந்தவர்கள் எத்தனையோ பேர்! அதனால் நல்ல மெக்கானிக் ஸ்குரு டிரைவரை எடுப்பதற்கு முன்னால் வேறு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்ப்பார்.

"161" என்றால் என்ன?

நம் குமாஸ்தாவின் அதிர்ஷ்டம், பெட்டிக்கு உயிர் வந்தது. "பீப், பீப்" என்று கத்தியது. திரையில் 161 என்று ஒரு நம்பர். கீழே 163 என்று இன்னொரு நம்பர். அவ்வளவுதான். அதற்கு மேல் நகரவில்லை.

"என்னா தம்பி இது, ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி நம்பர் காட்டுது? போயிடுச்சா?" என்று கேட்டால், விஷயம் தெரிந்த மெக்கானிக் சிரிப்பார்.

"பயப்படாதீங்க சார். வாட்சுக்கு பேட்டரி தீர்ந்து போச்சுன்னா தூக்கியா போடுவோம்? அதே கேஸ்தான்."

அதுதான் உண்மை. ஒவ்வொரு லேப்டாப்புக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய பேட்டரி இல்லாவிட்டாலும் தேதியையும், சில அமைப்புகளையும் அது நினைவு வைத்திருக்க வேண்டும். அதற்காக 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று, காசு மாதிரி வட்டமாக உள்ளே இருக்கும். அது தீர்ந்துவிட்டால் 161. தேதி தெரியவில்லை என்றால் 163. ஐ.பி.எம். கம்பெனியின் பழைய மிஷின்கள் பேசுகிற பாஷை இது. 301 என்று வந்தால் கீபோர்டில் கோளாறு.

பேட்டரி செத்தபின் பல பெட்டிகள் காட்டும் தேதி 1-1-1980! ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரின் காலண்டர் அந்த நாளில்தான் ஆரம்பிக்கிறது. இந்த லேப்டாப் பிறப்பதற்கு 18 வருடம் முந்திய தேதி!

வட்ட பேட்டரியை மாற்றித் தேதியைச் சரி செய்தால் நம்பர் மறைந்துவிடும். மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் தேதி கொடுத்து ஓட்டலாம்.

ஆனால் ஒரு விஷயம். திங்க்பேட்டில் யாராவது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தால், இந்த பேட்டரியைக் கழற்றினாலும் அது போகாது. வேறு ஒரு தனிச் சில்லுக்குள் உட்கார்ந்திருக்கும். "பேட்டரியைக் கழட்டி வெச்சா பாஸ்வேர்டு போயிடும் சார்" என்று சொல்கிற அரைகுறை வைத்தியரை நம்ப வேண்டாம்.

ஒழுகும் பேட்டரி

திங்க்பேட்காரர் பாக்கியசாலி. 80-களின் கடைசியிலும் 90-களிலும் வந்த வேறு பல லேப்டாப்களில், கடிகாரத்துக்கு நிக்கல் காட்மியம் அல்லது நிக்கல் மெட்டல் பேட்டரியைப் போர்டிலேயே பற்றவைத்து விட்டார்கள். திரும்பத் திரும்ப சார்ஜ் ஆகும், மாற்றவே வேண்டாம் என்று நினைத்தார்கள். 20 வருஷம் கழித்து யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்திருக்கலாம்!

அது ஒழுகும். பச்சையும் நீலமுமாகப் பாசி பிடித்த மாதிரி போர்டு முழுக்கப் பரவும். தலைமுடி போன்ற தாமிரக் கோடுகளைத் தின்றுவிடும். ஒழுகுவது காரம். அதனால் வினிகர் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவிக் காய வைக்க வேண்டும். அறுந்த கோட்டுக்கு மெல்லிய கம்பியை வைத்துப் பற்றவைக்கலாம். பொறுமைசாலிக்குத்தான் அந்த வேலை.

பேட்டரி விஷயத்தில் ஆப்பிள் கம்பெனி ஒரு கூத்து நடத்தியது. 1989-ல் மேக்கின்டாஷ் போர்ட்டபிள் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். எடை 7 கிலோவுக்கு மேல்! மோட்டார் சைக்கிளில் இருப்பது மாதிரி ஈய அமில பேட்டரி. சுவரில் பிளக்கைச் சொருகினாலும், உள்ளே பேட்டரி நல்லபடியாக இல்லை என்றால் பெட்டி எழுந்திருக்காது! இன்றைக்கு அதைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் பேட்டரிக்குத்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அதைக் கேலி செய்யவும் முடியாது. 1991-ல் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தில் போனவர்கள் வானத்தில் இருந்து பூமிக்கு எலக்ட்ரானிக் கடிதம் அனுப்பியது இந்தப் பெட்டியில்தான்!

திரை இருட்டு

"விளக்கு எரியுது, விசிறி சுத்துது, திரையில ஒண்ணுமே வரல" என்பது அடிக்கடி கேட்கும் புகார். கடையில் போய்க் கேட்பதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டார்ச் லைட்டைத் திரையின் ஓரத்தில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிகிறதா? தெரிந்தால் கம்ப்யூட்டர் நன்றாக வேலை செய்கிறது. பின்னால் இருக்கும் விளக்குதான் போயிருக்கிறது.

பழைய லேப்டாப் திரைக்குப் பின்னால் பென்சிலைவிட ஒல்லியான டியூப் லைட் ஒன்று இருக்கும். அதை எரிய வைக்க இன்வெர்ட்டர் என்று நீளமான குட்டிப் போர்டு. டியூப் வயசானால் திரை இளஞ்சிவப்பாகத் துவங்கி மெல்ல வெள்ளைக்கு வரும். இன்வெர்ட்டர் போனால் ஒரே இருட்டு. இதில் கை வைப்பவர்கள் ஜாக்கிரதை! அந்தக் குட்டிப் போர்டில் இருந்து பல நூறு வோல்ட் வெளியே வருகிறது. டியூபுக்குள் பாதரசம் வேறு. உடைந்தால் வெறும் கையால் அள்ளக் கூடாது.

ஓரத்தில் இருந்து கறை மாதிரி படர்ந்து, பக்கத்தில் போனால் புளித்த காடி வாசனை அடித்தால் அது வேறு வியாதி. திரைக்கு மேல் ஒட்டியிருக்கும் பிலிம் கெட்டுப்போகிறது. வெயிலும் ஈரக் காற்றும் சேர்ந்த இடத்தில் இது சீக்கிரம் வரும். கடற்கரை ஊரான சென்னையில் பரணில் வைத்தால் கேட்கவா வேண்டும்!

மூக்கை நம்பும் இன்னொரு வைத்தியமும் உண்டு. 90-களின் ஆரம்பத்தில் வந்த போர்டுகளைச் சூடு காட்டும்போது மீன் நாற்றம் அடித்தால், சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் ஒழுகிவிட்டன என்று அர்த்தம். பார்க்க நன்றாக இருந்தாலும் அத்தனையையும் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் கழற்று!

திரையும் இல்லை, சத்தமும் இல்லை என்றால்? அப்போது செய்வது கழித்தல் கணக்கு. அடாப்டர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு பவர் பொத்தானை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மிச்சம் மீதி மின்சாரம் இறங்கிவிடும். பிறகு ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ், கூடுதலாகப் போட்ட ராம் என்று எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் போர்டை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. உயிர் வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. எதைச் சேர்க்கும்போது படுக்கிறதோ அதுதான் ஆசாமி.

ராம் கார்டின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துத் திரும்பச் சொருகியதும் எழுந்து உட்கார்ந்த பெட்டிகள் ஏராளம். வைத்தியச் செலவு ஒரு ரப்பர்!

உயிர் இருப்பது டிஸ்க்கில்

குமாஸ்தாவுக்கு வேண்டியது லேப்டாப் அல்ல. அப்பாவின் கணக்கு. அது ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. கெட்டிக்கார மெக்கானிக் அதை முதலிலேயே கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். போர்டு செத்தாலும் பிழைத்தாலும் டிஸ்க் பத்திரம்.

அந்தக் காலத்து லேப்டாப் டிஸ்க்கில் 44 ஊசி இருக்கும். அதை இன்றைய கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் மாட்டச் சின்ன அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. விண்டோஸ் 98-ல் எழுதிய டிஸ்க்கை இன்றைய கம்ப்யூட்டரும் படிக்கும்.

சுழலும் சத்தம் சீராக வந்தால் நல்ல சகுனம். "டக்... டக்... டக்" என்று அடித்தால் உடனே கரண்டை நிறுத்த வேண்டும். படிக்கும் முனை தடுமாறுகிறது. ஓட ஓடச் சேதம் கூடும். "ஃபிரிஜ்ஜில் வெச்சு எடு, தட்டிப் பாரு" என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்கக் கூடாது. குளிர்ந்த டிஸ்க்கை நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்தால் உள்ளே வியர்க்கும். அத்தோடு சரி! இப்படிப்பட்ட டிஸ்க்கைத் தரவு மீட்கும் கடையில் கொடுப்பதுதான் வழி. செலவு ஆகும்.

நன்றாகச் சுழல்கிற டிஸ்க்கிலும் ஒரு விதி உண்டு. அதில் எதையும் எழுதக் கூடாது. பைல்களைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்காரவும் கூடாது. முதல் வேலை, டிஸ்க்கை அடியில் இருந்து நுனி வரை அப்படியே நகல் எடுப்பது. 5 ஜிபி, 6 ஜிபி டிஸ்க்தானே? இன்றைய பென் டிரைவில் ஒரு மூலைக்குக் காணாது.

எழுத்து எங்கே போச்சு?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். "மை டாகுமெண்ட்ஸ் மட்டும் போதும் தம்பி, மத்ததை அழிச்சிடு" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவின் பைலைத் திறந்தால் தமிழே இருக்காது! தலையில் புள்ளியும் கொம்பும் வைத்த வெளிநாட்டு எழுத்துக்கள் கன்னாபின்னா என்று வரிசை கட்டி நிற்கும்.

வைரஸ் இல்லை. டிஸ்க்கும் கெடவில்லை. அந்த நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துக்களை அடுக்கி வைத்தது. ஆங்கிலம், பிரெஞ்சு எழுத்துக்கள் இருக்க வேண்டிய இடத்தில் ககரத்தையும் ஙகரத்தையும் உட்கார வைத்தது. ஒரு எழுத்துருவில் "அ" இருந்த இடத்தில் இன்னொன்றில் "று" இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகு, தமிழக அரசு "டாம்", "டாப்" என்று இரண்டு முறைகளைத் தரமாக அறிவித்தது. அதன் பிறகும் பழைய எழுத்துருக்கள் போய்விடவில்லை. 2010-ல்தான் அரசு யூனிகோடு முறைக்கு மாறியது. நாம் இன்று செல்போனில் அடிக்கிற தமிழ் யூனிகோடுதான்.

ஆக, 2001-ல் டைப் அடித்த கணக்கைப் படிக்க வேண்டும் என்றால் அன்றைக்கு அப்பா பயன்படுத்திய அதே எழுத்துரு வேண்டும். அது எங்கே கிடைக்கும்? அதே டிஸ்க்கில், விண்டோஸ் போல்டருக்குள் பாண்ட்ஸ் என்று ஒரு போல்டர் இருக்கிறதே, அங்கே! "மத்ததை அழிச்சிடு" என்று சொன்னவர் சாவியைத் தூக்கிக் கிணற்றில் போட்ட கதைதான்.

டிஸ்க் முழுவதும் நகல் இருந்தால் கவலை இல்லை. அந்த எழுத்துருவை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டதும், கொம்பு வைத்த எழுத்தெல்லாம் தமிழாக மாறி நிற்கும். பிறகு மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டு வந்துவிடலாம். பெயர், தொகைகளை ஒரு தரம் கண்ணால் சரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு சில சமயம் இடம் மாறி உட்காரும்.

பெரம்பூர்க் குமாஸ்தாவுக்கு அப்பாவின் கணக்கு கிடைத்துவிடும். அண்ணன் தம்பி பஞ்சாயத்து எப்படி முடியும் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது!

பிளாப்பியில் வைத்தவர்கள்

லேப்டாப்பை விற்றுவிட்டு பிளாப்பியில் மட்டும் பைலை வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு பிளாப்பிக்கு 1.44 எம்.பி.தான் கொள்ளளவு. ஷட்டரை விலக்கி உள்ளே பாருங்கள். வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பூஞ்சணம். அதை அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் முனையும் கெட்டு, அடுத்து போடுகிற நல்ல பிளாப்பியும் கெடும். பிளாப்பி விற்பதை சோனி கம்பெனியே 2011-ல் நிறுத்திவிட்டது. யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இலவச லேப்டாப்புக்கும் வயசாச்சு

2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அன்றைக்கு வாங்கிய பிளஸ்-2 பிள்ளைகள் இன்றைக்குப் பிள்ளை குட்டிக்காரர்கள்! பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். காலேஜ் பிராஜெக்ட், பரீட்சைக் குறிப்பு, தங்கச்சி ஆடிய டான்ஸ் எல்லாம் அதில் கிடக்கிறது.

அதற்கும் இதே வைத்தியம்தான். அந்த வயசு லேப்டாப்பில் டிஸ்க் வேறு ஜாதி. 44 ஊசி கிடையாது, சாட்டா இணைப்பு. அதற்கேற்ற அடாப்டராகக் கேட்டு வாங்க வேண்டும். திரைக்குப் பின்னால் டியூபுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு. டார்ச் சோதனை அதற்கும் செல்லும். தேதி தப்பாகக் காட்டினால் காசு பேட்டரியை மாற்ற வேண்டும். கழற்றிய பெரிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. மின் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு ஸ்குருவையும் எந்த ஓட்டையில் இருந்து எடுத்தார்களோ அந்த இடத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டி வைக்க வேண்டும். எல்லா ஸ்குருவும் ஒரே நீளம் இல்லை. குட்டை ஸ்குரு இருந்த இடத்தில் நீள ஸ்குருவை முறுக்கினால் மேலே இருக்கும் போர்டில் குத்திவிடும்.